கோர்மல் தனக்கே வைத்த தீ

தோரசேயில் யார் வேண்டுமானாலும் சாகலாம், புதைக்கத்தான் இடம் கிடையாது. கடப்பாரையை ஓங்கிப் போட்டால் ஒரு சாண் இறங்கும், அதற்குக் கீழே பாறை. அந்த ஒரு சாண் மண்ணிலும் உருளைக்கிழங்கு போட்டாகிவிட்டது. ஆகவே எங்கள் தீவில் செத்தவர்கள் இடைக்கடலைத் தாண்டிப் பெரிய தீவுக்குப் போய்த்தான் படுக்க வேண்டும். பெட்டிக்குப் பலகையும் அங்கிருந்துதான் வர வேண்டும், இங்கே மரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. இருக்கிற காற்றுக்கு முட்டைக்கோசு நிமிர்ந்து நின்றாலே பெரிய விஷயம்.

இப்படிப்பட்ட இடத்துக்கு யாரும் ஆசைப்பட்டு வரவில்லை. பெரிய தீவின் பள்ளத்தாக்கில் நல்ல மண்ணில் இருந்த பதின்மூன்று குடும்பத்தை, நிலத்துக்குச் சொந்தக்காரரான துரை கிளப்பிவிட்டு, அங்கே ஆடு விட்டார். "கடற்பாசி எரிக்க ஆள் வேணும், அந்தப் பாறைக்குப் போங்க" என்று காரியஸ்தர் கையைக் காட்டினார். போனார்கள். சோப்பும் கண்ணாடியும் செய்ய, பாசி எரித்த சாம்பலுக்குக் கொஞ்ச காலம் கிராக்கி இருந்தது. அதுவும் விழுந்த பிறகு துரைக்கு நாங்கள் இருப்பதே மறந்துபோயிற்று.

கோர்மல் வந்தபோது அவளுக்கு மூன்று வயது. அம்மாவின் முதுகுக் கூடையில், சட்டிபானைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தாள். வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தாளாம். "அன்னைக்குத் திறந்த வாய், இன்னும் மூடலே" என்று பிற்காலத்தில் ஊர் சொல்லும். அவள் வாய் அப்படித்தான். காரியஸ்தர் ஒரு முறை நாயோடு வந்து வீடு வீடாக எட்டிப் பார்த்தபோது, "நாயை மட்டும் உள்ளே அனுப்புங்க, அதுக்காவது வெக்கம் இருக்கும்" என்றவள். ஆனால் கை வேலைக்கு அசராது. பதினேழு வயதில் தார்க்கில் என்ற மீன்காரனைக் கட்டிக்கொண்டாள். லாக்லன், மார்சலி என்று இரண்டு பிள்ளைகள் தங்கின, மூன்று போயின. தன் மாமியாரிடமிருந்து பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டாள். அவளுடைய முப்பதாவது வயதுக்குப் பிறகு தோரசேயில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் முதலில் பார்த்தது கோர்மலின் முகத்தைத்தான். அதனால்தான் எல்லாம் அப்படி அலறுகின்றன என்று பக்கத்து வீட்டு பெஹாக் சொல்லுவாள்.

தபால், தந்தி எதுவும் இல்லாத எங்களுக்குப் பேச்சு என்றால் புகைதான். பெரிய தீவைப் பார்த்த சரிவில் பதின்மூன்று மேடுகள், வீட்டுக்கு ஒன்று. எந்த மேட்டில் புகை எழும்புகிறதோ அந்த வீட்டுச் சமாச்சாரம் என்று அக்கரைக்குத் தெரியும். ஒரு புகை என்றால், சௌகரியப்பட்டபோது படகு கொண்டு வாருங்கள். இரண்டு புகை என்றால், டாக்டர் வேண்டும். மூன்று என்றால், பலகை கொண்டு வாருங்கள். சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டியைக் கொளுத்தி மேலே ஈரப் பாசியைப் போட்டால் தூண் மாதிரி எழும்பும். பார்த்துவிட்டோம் என்பதற்கு அக்கரையிலிருந்தும் ஒரு புகை வரும். சொந்த வீட்டுச் சாவுக்கு அந்த வீட்டார் தீ வைக்கக் கூடாது. பக்கத்து வீட்டார்தான் வைப்பார்கள்.

தார்க்கில் செத்தபோது பெஹாக்தான் வைத்தாள். நண்டுக்கூடை இழுக்கப் போனவன் பாறையில் விழுந்து மண்டை உடைந்து கிடந்தான். அன்றைக்குக் கடல் வெள்ளை வெள்ளையாக நுரைத்துக் கிடந்தது, ஒரு பயலும் காலை வைக்க மாட்டான். புகை எழுந்து இரண்டு மணி நேரத்தில் ஃபின்லேயின் படகு பலகையோடு வந்து நின்றது. ஃபின்லே அக்கரையின் படகுத் தலைவன், கோர்மலுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. சாவுக்கு வராமல் இருந்தால் நாளைக்குத் தன் சாவுக்கு யாரும் வர மாட்டார்கள் என்ற பயம் அந்தப் பக்கத்து ஆண்களுக்கு எலும்பு வரை உண்டு. அதைக் கோர்மல் அன்று தன் கண்ணால் பார்த்தாள்.

அதற்குப் பதினான்கு வருடம் கழித்து, ஜூலை மாதத்தில், அவள் ஐம்பதைத் தொட்டிருந்தாள். லாக்லன் பெரிய தீவில் ஒரு பண்ணையில் ஆடு மேய்த்துக்கொண்டு, அங்கேயே ஷீனா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு இருந்தான். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் அந்த வசந்தத்தில் ஒரு சண்டை. "வயசான காலத்துல அந்தப் பாறையில தனியா என்ன பண்றே, எங்களோட வந்து இரு" என்று அவன் கூப்பிட்டான். "துரையோட ஆடு மேயற இடத்துல நான் வந்து மேய மாட்டேன்" என்று இவள் சொன்னாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். மார்சலி இங்கேயே மர்டோ என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டு, நாலு வீடு தள்ளி, வயிற்றில் முதல் பிள்ளையோடு இருந்தாள். மர்டோவும் தீவின் தெம்புள்ள ஆண்கள் அத்தனை பேரும் பெரிய படகை எடுத்துக்கொண்டு கிழக்குக் கரைக்கு ஹெர்ரிங் மீன் சீசனுக்குப் போயிருந்தார்கள். ஊரில் பொம்பளைகளும், ஒரு சின்னத் தோணியும், அதைக் கடலில் தள்ளக்கூடத் தெம்பில்லாத மூன்று கிழவர்களும்தான் மிச்சம்.

வியாழக்கிழமை சாயங்காலம் மார்சலிக்கு வலி கண்டது. வெள்ளி காலையில் கோர்மல் கையை வைத்துப் பார்த்தாள். பிள்ளை குறுக்கே கிடந்தது. எண்ணெய் போட்டுத் தடவினாள், குப்புறக் கிடத்தினாள், மாமியார் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் செய்தாள். பிள்ளை அசையவில்லை. எத்தனை பிரசவம் பார்த்த கை, எது தன்னால் ஆகும், எது ஆகாது என்று அந்தக் கைக்குத் தெரியாதா? மர்டோ வீட்டு மேட்டில் இரண்டு புகை போடச் சொன்னாள். பெஹாக் போட்டாள். அக்கரையிலிருந்து பதில் புகையும் வந்தது.

படகுதான் வரவில்லை. துரையின் வேட்டை மாளிகைக்கு வந்த விருந்தாளிக்குக் கணுக்கால் சுளுக்கு, டாக்டர் அங்கே தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அலை கொஞ்சம் இறங்கட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்றாராம், கூப்பிட ஆள் போனபோது. டாக்டர் இல்லாமல் வெறும் படகு எதற்கு என்று ஃபின்லேயின் ஆட்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

சனிக்கிழமை விடிந்தது. மார்சலிக்கு இப்போது கத்தக்கூடத் தெம்பில்லை. உதடு வெடித்து, கண் உள்ளே போய், ஒவ்வொரு வலிக்கும் அம்மாவின் கையை மட்டும் பிடித்து நெரித்தாள். மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருடைய ஓய்வுநாள், எங்கள் கடலில் யாரும் துடுப்பு நனைப்பதில்லை. திங்கட்கிழமை வரைக்கும் இவள் எங்கே இருக்கப்போகிறாள்! கோர்மல் மகளின் நெற்றியைத் துடைத்துவிட்டு எழுந்தாள். கூடையில் கரிமண் கட்டிகளை அள்ளிப்போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

பெஹாக் பின்னாலேயே ஓடி வந்தாள். கோர்மல் மர்டோ வீட்டு மேட்டைத் தாண்டிப் போய், தன் வீட்டு மேட்டில் ஏறினாள்.

"எங்கடி போற? இது உன் மேடுடி."

"தெரியும்."

"மூணு குவியல் வைக்கிற."

"எண்ணத் தெரிஞ்சுதான் வைக்கிறேன்."

பெஹாக் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "ஏண்டி, உன் வீட்ல நீ ஒருத்திதானே இருக்கே?"

"ஆமா. அப்ப நான்தான் செத்தேன்."

"அடி பாவி! உன் சாவுக்கு நீயே தீ வைக்கிறியா? எந்த ஊர்லயாவது இது உண்டா?"

"வேற யார் வைப்பா? நீ வைக்கிறியா? இந்தா." கோர்மல் எரிகிற கட்டியை இடுக்கியோடு நீட்டினாள். பெஹாக் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சாவுன்னாதான் வருவானுங்க. பொழைக்கக் கெடக்கிறவளுக்கு வர மாட்டானுங்க" என்று கோர்மல் குனிந்து ஊதினாள். "படகு வரட்டும். அதுல இவளைத் தூக்கிப் போட்டுக்கிட்டு நானே டாக்டர் வாசல்ல கொண்டுபோய் எறக்கறேன்."

"அப்படின்னா மார்சலி மேட்டுலயே வைக்கறதுதானே? வலி எடுத்தவ செத்தான்னா நம்பவும் நம்புவாங்க."

கோர்மல் நிமிர்ந்து அவளைப் பார்த்த பார்வையில் பெஹாக் ஓரடி பின்னால் போனாள். "அவ மூச்சு விட்டுட்டு இருக்காடி. அவ பேர்ல மூணு புகை என் கையால வைக்கணுமா? எது வந்தாலும் என் மேல வரட்டும். ஐம்பது வயசாச்சு, நான் போனா யாருக்கு என்ன கொறைஞ்சுபோச்சு?"

"லாக்லன் பார்ப்பானேடி."

"அவன் மலைமேல ஆட்டுக்கு ரோமம் வெட்டிக்கிட்டு இருப்பான். அவன் காதுக்குப் போறதுக்குள்ள படகு இங்க வந்துடும். அப்படியே தெரிஞ்சாலும் ஒரு மணி நேரம் அழுவான், அப்புறம் வந்து ரெண்டு மணி நேரம் என்னைத் திட்டுவான். அவன் திட்டு எனக்கு என்ன புதுசா?"

மூன்று புகையும் நேராக எழும்பின. இறங்கி வரும்போது பெஹாக்தான் ஏற்பாடு சொன்னாள். தான் இறங்குபாறைக்குப் போய் நிற்பது, படகு வந்து கயிறு கட்டி எல்லோரும் கரையில் காலை வைத்த பிறகு விஷயத்தைச் சொல்வது, அதுவரை கோர்மல் மகள் பக்கத்தை விட்டு நகரக் கூடாது, தலையையே வெளியே காட்டக் கூடாது. "செத்தவ வாசல்ல நின்னு வரவேற்றா எவன்டி படகைக் கட்டுவான்?" என்றாள். கோர்மலுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. சரி என்றாள்.

படகு ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டது. மார்சலியின் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் இறங்குபாறை தெரியும். நாலு துடுப்பு, பின்னால் சுக்கான் பிடித்து ஃபின்லே, முன்னால் கயிற்றோடு ஒருவன். நடுவில் பலகைகள். கோர்மலுக்கு அப்பாடா என்று இருந்தது. "வந்துட்டாங்க, கண்ணு. இன்னும் கொஞ்ச நேரம்" என்று மகளிடம் சொல்லிவிட்டு, போர்வையைச் சுற்ற ஆரம்பித்தாள். சுற்றிவிட்டு மறுபடி எட்டிப் பார்த்தாள். படகு பாறைக்கு நாற்பது கஜம் தள்ளி அப்படியே நின்றது.

எங்கள் இறங்குபாறையில் அலை ஏறி இறங்கும் உயரம் சில நாட்களில் இரண்டு ஆள் உயரம். அன்றைக்கு அப்படித்தான். நீரோட்டம் திரும்பினால் தணியும், அதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. டாக்டரை ஏற்றி வந்த படகாக இருந்தால் ஃபின்லே எப்படியாவது உள்ளே நுழைத்திருப்பான். சாவுக்கு வந்தவனுக்கு என்ன அவசரம்? தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, துடுப்பைத் தண்ணீரில் பிடித்தபடி காத்திருந்தார்கள். அதுதான் மரியாதையும்கூட. பெஹாக் மூன்று கிழவர்களோடு பாறை மேல் நின்று இரண்டு கையையும் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தாள். காற்றில் வார்த்தை எதுவும் போய்ச் சேரவில்லை. அவள் ஒப்பாரி வைக்கிறாள் என்று நினைத்துப் படகில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்களாம்.

அந்தப் பொம்பளையைச் சொல்லிக் குற்றமில்லை. படகுக்காரர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஆனால் கோர்மல் வாசலில் நின்று பார்த்தது, தன் மகளுக்கு இல்லாத ஒரு மணி நேரத்தை அவர்கள் ஒரு பிணத்துக்கு மரியாதையாகக் கொடுத்துக்கொண்டிருப்பதை. அவளால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, போகாதே" என்றாள் மார்சலி.

"இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு கோர்மல் ஓடினாள்.

சரிவில் விழுந்து எழுந்து ஓடினாள். இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்துத் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே பாறையின் விளிம்பு வரைக்கும் வந்தாள். "வாங்கடா! உள்ள வாங்கடா! உசுரு போகுது!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

துடுப்புப் போடுகிறவர்களுக்குக் கரை முதுகுப் பக்கம். முன்னால் கயிற்றோடு குனிந்து உட்கார்ந்திருந்தவன்தான் முதலில் பார்த்தான். அவன் எழுந்து நின்றபோதுதான் கோர்மலுக்கு அவன் யார் என்று தெரிந்தது. லாக்லன். ரோமம் வெட்டும் கத்திரியைத் தீட்டிக்கொண்டு போக அன்று காலைதான் கீழே வந்திருந்தான். அம்மாவின் மேட்டில் மூன்று புகையைப் பார்த்தவன் செருப்பைக்கூட மாற்றாமல் படகில் ஏறியிருந்தான்.

"அம்மா!" என்று அவன் கூவியது காற்றையும் மீறிக் கேட்டது.

ஃபின்லேக்கு முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் அனுபவசாலி, கோர்மலின் ஏப்ரனைப் பார்த்ததும் என்னவோ அவசரம் என்று பிடிபட்டுவிட்டது. "இழுங்கடா!" என்றான். நாலு துடுப்பும் விழுந்தன. கயிற்றுக்காரன் குனிந்துதான் இருக்க வேண்டும். மூன்று பெரிய அலை போன பிறகு தலைவன் 'போ' என்பான், அப்போதுதான் குதிக்க வேண்டும். பத்து வயதில் தோரசேப் பிள்ளைகள் கற்றுக்கொள்கிற முதல் பாடம் அது. லாக்லனும் இதே பாறையில் கற்றவன்தான், நூறு தடவை குதித்தவன்தான்.

அன்று அவன் ஃபின்லேயின் வாயைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. படகு மேலே ஏறி, இறங்கத் தொடங்குகிற நேரத்தில் குதித்தான். "உக்காருடா!" என்று ஃபின்லே கத்தியது பின்னால்தான் வந்தது. அவன் கால் பாறையின் விளிம்புக்குக் கீழே, பாசி படிந்த இடத்தில் பட்டது. கோர்மல் கையை நீட்டினாள். விரல் நுனி பட்டது என்று ஒரு கிழவர் சொன்னார், படவில்லை என்று இன்னொருவர் சொன்னார். அவன் வழுக்கி இறங்கினான். படகு அடுத்த அலையில் ஏறிப் பாறையோடு மோதியது. நடுவில் அவன் இருந்தான்.

கொக்கியைப் போட்டு இழுத்து மேலே கிடத்தினார்கள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, நெஞ்சு உள்ளே போயிருந்தது. கோர்மல் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஃபின்லே அவள் எதிரே நின்று கத்தினான்.

"என்ன காரியம் பண்ணே நீ? யாரு செத்தா? சொல்லு, உன் வீட்ல யாரு செத்தா? விளையாட்டாடி இது? வாலிபப் பையனைக் கொன்னுட்டியே!"

"அண்ணே," என்றாள் கோர்மல். "மார்சலிக்குப் பிள்ளை குறுக்கே நிக்குது. மூணு நாளாச்சு. அவளைப் படகுல ஏத்துங்க."

ஃபின்லே கத்துவதை நிறுத்தினான். பிறகு மெதுவாகத்தான் பேசினான், அதுதான் அதைவிடக் கொடுமையாக இருந்தது. "பொணத்தை ஏத்தற படகுல பிரசவக்காரியை ஏத்த மாட்டோம். உனக்கே தெரியும். என் ஆளுங்க துடுப்பைத் தொட மாட்டானுங்க. ஒண்ணுதான் ஏத்தலாம், கோர்மல். மறுபடி வர இன்னைக்குப் பகல் பத்தாது. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. இவனைத் திங்கக்கிழமை வரைக்கும் இப்படிப் போட்டு வைக்க முடியாது, உன் பிள்ளை இவன்."

"அவளும் என் பிள்ளைதான்."

"பொண்டாட்டிக்காரி கரையில நிக்கறா. அவகிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொல்லிக்கறேன்." மகனின் தலையைத் தூக்கி பெஹாக்கின் மடிக்கு மாற்றினாள். தன் சால்வையை எடுத்து அவன் மேல் போர்த்தினாள். கழுத்து வரைக்கும்தான் போர்த்தினாள், முகத்தை மூட அவளுக்குக் கை வரவில்லை. பிறகு எழுந்து நின்று, "இவனுக்கு இனிமே அவசரமில்ல. இருக்கறவளை ஏத்துங்க" என்றாள்.

யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. இரண்டு பேர் மேலே ஓடினார்கள். கோர்மலுக்கென்று கொண்டுவந்த பலகைகளைப் படகின் குறுக்கே பரப்பி, வைக்கோல் போட்டு, மார்சலியை அதன்மேல் கிடத்தினார்கள். லாக்லன் செத்தது அவளுக்குத் தெரியாது. பாறையில் அவனைப் பார்த்துவிடாதபடி கோர்மல் அவள் கண்ணைக் கையால் மூடிக்கொண்டாள். "அலை தெறிக்கும், கண்ணைத் தொறக்காதே" என்றாள். கோர்மலும் ஏறி, படகு வெளியே போகும்போது பெஹாக் வைத்தது நிஜமான ஒப்பாரி.

மார்சலி பிழைத்தாள். அன்று சாயங்காலம் டாக்டர் பிள்ளையைத் துண்டு துண்டாகத்தான் எடுத்தார், ஆனாலும் தாய் பிழைத்தாள். பிறகு நாலு பெற்றாள், நாலும் இருக்கின்றன. லாக்லனைத் திங்கட்கிழமை கொண்டுபோனார்கள். ஞாயிறு முழுக்க மூன்று கிழவர்களும் மாறி மாறி அவன் பக்கத்தில் உட்கார்ந்து காக்கைகளை விரட்டிக்கொண்டு இருந்தார்கள்.

சபை அவளைக் கூப்பிட்டு விசாரித்தது. சாகாத சாவுக்குத் தீ வைத்த பாவத்துக்கு வருந்துகிறாயா என்று பாதிரியார் எல்லோர் முன்னாலும் கேட்டார். "தீ வச்சதுக்கு வருத்தமில்ல ஐயா. மறுபடி வைக்கச் சொன்னாலும் வைப்பேன்" என்றாள். "கீழ இறங்கி ஓடினேனே, அதுக்குத்தான். பெஹாக் சொன்ன மாதிரி உள்ளேயே இருந்திருக்கணும்." அப்படிப்பட்ட பதிலுக்கு என்ன தண்டனை என்று அவர்களுடைய புத்தகத்தில் இல்லை போலும், அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் இருபத்தாறு வருடம் இருந்தாள். எப்போதும்போல் உருளைக்கிழங்கு தோண்டினாள், பிரசவம் பார்த்தாள், காரியஸ்தர் வந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். ஊரில் யாரும் அவள் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னோம், இல்லையென்று சொல்ல மாட்டேன். தன் மேட்டில் மட்டும் அவள் எதற்கும் புகை போட்டதில்லை. காய்ச்சலோ, காலில் கத்தி வெட்டோ, தானே படுத்துத் தானே எழுந்தாள். இறங்குபாறையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அசையாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். அதைத் தாங்கிக்கொள்ள அவளால் முடிந்தது. தாங்க முடியாதது அக்கரையில் நடந்தது. அதை அவள் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, பெஹாக்கிடம் மட்டும் சொன்னாள்.

படகு பெரிய தீவின் துறையை நெருங்கியபோது பெண்கள் கறுப்பு உடுத்தி நின்றார்களாம். எல்லோருக்கும் முன்னால் ஷீனா, கையில் வெள்ளைத் துணியோடு. மாமியாரைச் சுற்றுவதற்குத் தன் கல்யாணத்துக்கு நெய்த துணியையே எடுத்து வந்திருந்தாள். பலகைமேல் போர்வைக்குள் யாரோ கிடப்பதைப் பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு விரலிடுக்கில் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது கோர்மல் என்று தெரிந்ததும் துணியைக் கீழே போட்டுவிட்டு முழங்கால் தண்ணீருக்குள் ஓடி வந்தாள்.

"அத்தை! அத்தே, நீங்களா! ஐயோ, உசுரோட இருக்கீங்களா!" கோர்மலின் முகத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "காலையில உங்க பிள்ளை என்னா அழுகை! குடுத்த கஞ்சியைக்கூடத் தட்டிவிட்டுட்டு ஓடினாரு. 'அம்மாகிட்ட சண்டை போட்டுட்டு வந்தேனே, ஒரு வார்த்தை பேசாம போயிட்டாளே'ன்னு புலம்பிக்கிட்டே ஓடினாரு. தெய்வமே, தெய்வமே!"

ஃபின்லே சுக்கானைப் பிடித்தபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆட்கள் மார்சலியைப் பலகையோடு தூக்கிக்கொண்டு வேகமாகக் கரையேறினார்கள். ஷீனா இன்னும் மாமியாரின் கையை விடவில்லை.

"சொல்லுங்க அத்தை, உங்களைப் பார்த்ததும் என்ன பண்ணாரு?"

"சிரிச்சான்மா" என்றாள் கோர்மல்.

ஷீனாவும் சிரித்தாள். பிறகுதான் படகில் மிச்சமிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.